முதுமாணிக்கு 30 கிரடிட், 60 கிரடிட், 180 கிரடிட்: எது எதற்குச் சமன்?

முல்லை ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். மூன்று வருடப் பொதுப்பட்டம், வேலை கிடைத்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்துவிட்டேன். முதுமாணி செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாக யோசனை, ஆனால் ஒவ்வொரு முறையும் விண்ணப்ப முடிவுத் திகதி போன பிறகுதான் விளம்பரம் கண்ணில் படும். இந்த முறை முன்கூட்டியே தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

ஒரு விளம்பரத்தில் 30 கிரடிட், ஒரு வருடம் என்று இருக்கிறது. இன்னொன்றில் 60 கிரடிட், இரண்டு வருடம், ஆய்வேடு கட்டாயம். இரண்டுமே முதுமாணிதானாம். லண்டனில் இருக்கிற மச்சாளைக் கேட்டால் தான் செய்தது 180 கிரடிட் என்கிறாள், அதையும் ஒரே வருடத்தில் முடித்தாளாம்! என்னுடைய முழுப் பட்டமே 90 கிரடிட்தான், அதை முடிக்க எனக்கு மூன்று வருடமும் நாலு சோடிச் செருப்பும் தேய்ந்தது. அவள் என்னை விட இரண்டு மடங்கு கெட்டிக்காரியா அல்லது அங்கே கிரடிட் சின்னதா?

இரண்டாவது, டிப்ளோமாவில் எடுத்த கிரடிட்டை முதுமாணியில் கழித்துத் தருவார்களா? எங்களுடைய ஸ்ராஃப் ரூமில் ஒரு சேர் கழிப்பார்கள் என்கிறார், இன்னொரு மிஸ் கழிக்கவே மாட்டார்கள் என்கிறார், இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. மூன்றாவது, கிழமை நாளில் பாடசாலை, சனி ஞாயிறு வகுப்பு, வீட்டில் இரண்டு பிள்ளைகள், இது நடக்கிற காரியமா? செய்து முடித்த ஆக்கள் உண்மையைச் சொல்லுங்கள். "முயன்றால் முடியும்" என்று மட்டும் எழுத வேண்டாம், அது பாடசாலைச் சுவரிலேயே எழுதிக் கிடக்கிறது.

பரந்தன் சந்தி

ரீச்சர், முதலில் கிரடிட் என்றால் என்ன என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இங்கே உள்ள பல்கலைக்கழகங்கள் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு என்ற ஒன்றைப் பின்பற்றுகின்றன. 2012இல் வந்தது, 2015இல் திருத்தினார்கள். சாதாரண தரத்தில் தொடங்கிக் கலாநிதிப் பட்டம் வரை மொத்தம் 12 படிகள். உங்களுடைய பொதுப்பட்டம் 5ஆம் படி, 90 கிரடிட். நாலு வருடச் சிறப்புப்பட்டம் 6ஆம் படி, 120 கிரடிட். அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழ் 7, டிப்ளோமா 8, பாடநெறியால் மட்டும் செய்கிற முதுமாணி 9, பாடநெறியும் ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணி 10, முதுதத்துவமாணி (எம்.பில்.) 11, கலாநிதி 12. நீங்கள் பார்த்த 30 கிரடிட் விளம்பரம் 9ஆம் படி, 60 கிரடிட் 10ஆம் படி. பெயர் ஒன்று, படி வேறு. விளம்பரத்தில் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள், படியின் இலக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கிரடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். 50 மணித்தியாலம் என்றால் விரிவுரை மட்டும் இல்லை. வகுப்பில் இருப்பது ஏறக்குறைய 15 மணித்தியாலம், மிச்சம் முழுக்க நீங்கள் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குப் படிப்பது, பரீட்சை எழுதுவது. ஆகவே 30 கிரடிட் என்றால் 1500 மணித்தியாலம். அதை ஒரு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், கிழமைக்கு 29 மணித்தியாலத்துக்குக் கிட்ட வருகிறது. வகுப்புக்கு வெளியேயும் கிழமைக்கு ஏறக்குறைய இருபது மணித்தியாலம் தேட வேண்டும். அதனால்தான் ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும் வேலை செய்கிற ஆக்கள் இரண்டு வருடம் இழுக்கிறோம். அப்படி இழுத்தால் கிழமைக்கு 14 சொச்சம், அது தாங்கும்.

நான் 30 கிரடிட்தான் செய்தேன், யாழ்ப்பாணத்துக்குப் போய். சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் பரந்தன் சந்தியில் நின்றால்தான் சரி. படிப்பது கஷ்டம் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன், கஷ்டம் என்பது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பி வந்து திங்கட்கிழமைக்குப் பாடக்குறிப்பு எழுதுவது. பெரும்பாலான இடங்களில் 80 வீத வரவு கேட்பார்கள், அதனால் கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் "வகுப்பு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி இனசனம் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு மட்டும் ஒரு வகுப்பை விட்டேன், அதில் எனக்குக் கவலை இல்லை.

டிப்ளோமா கிரடிட்டைப் பற்றி. இரண்டு பேருமே பாதி சரி. ஒரே நிறுவனத்தில் ஒரே பாடநெறிக்குள் சான்றிதழ், டிப்ளோமா, முதுமாணி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். 20 கிரடிட்டில் இறங்கினால் சான்றிதழ், 25இல் இறங்கினால் டிப்ளோமா, 30ஐ முடித்தால் முதுமாணி. அதற்குள்ளே இருந்தால் எடுத்த கிரடிட் மேலே போகும். ஆனால் டிப்ளோமாவை முடித்துச் சான்றிதழையும் கையில் வாங்கிவிட்டு, வேறு பாடத்தில் முதுமாணிக்குப் போய் அதைக் கழியுங்கள் என்றால் பொதுவாக நடக்காது. ஒருமுறை காசாக்கின காசோலையைத் திரும்பக் கொண்டுபோவது மாதிரி. ஆனால் கல்வி முதுமாணிக்குப் போனால் உங்களுடைய டிப்ளோமா வேறு விதத்தில் உதவும், அங்கே அதையே அனுமதித் தகைமையாகக் கேட்பது வழக்கம். புவியியலில் போகப் போகிறீர்களா, கல்வியிலா என்று சொல்லவில்லையே?

ஒட்டுசுட்டான்_லெஸ்ரர்

மச்சாள் கெட்டிக்காரியாக இருக்கலாம், ஆனால் அந்த 180ஐ வைத்துச் சொல்ல முடியாது. நானும் இங்கே பிரித்தானியாவில் அதே 180தான் செய்தேன். பிரித்தானியாவில் ஒரு கிரடிட் 10 மணித்தியாலம். 180ஐ 10ஆல் பெருக்கினால் 1800. உங்களுடைய 30ஐ 50ஆல் பெருக்கினால் 1500. வித்தியாசம் 300 மணித்தியாலம்தான், ஆறு மடங்கு இல்லை. அந்த 1800இல் பெரிய பங்கு கோடை காலத்தில் எழுதுகிற ஆய்வுக் கட்டுரைக்குப் போய்விடும், பெரும்பாலும் 60 கிரடிட் அதற்குத்தான். இங்கே ஒரு வருடம் என்றால் முழு 12 மாதம், கோடை விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. என்னோடு இளமாணி படித்த பெடியன்கள் யூன் மாதம் கடற்கரைக்குப் போக நான் நூலகத்தில் குந்தியிருந்தேன்.

ஐரோப்பாவில் வேறு கணக்கு. அங்கே ஒரு கிரடிட் 25 முதல் 30 மணித்தியாலம், ஒரு முழு வருடத்துக்கு 60, முதுமாணிக்கு 60இல் இருந்து 120 வரை. பிரித்தானியாவின் இரண்டு கிரடிட் ஐரோப்பாவின் ஒன்றுக்குச் சமன் என்று மாற்றிக்கொள்வார்கள். அமெரிக்காவில் முதுமாணிக்கு வழமையாக 30 முதல் 36 வரை கேட்பார்கள். அங்கே ஒரு கிரடிட் என்றால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு, இரண்டு மணித்தியாலம் வீட்டு வேலை, இப்படி ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 15 கிழமை. பெருக்கினால் 45 மணித்தியாலம். ஆகவே அவர்களுடைய 30 கிரடிட் 1350, 36 கிரடிட் 1620. பார்த்தீர்களா, எங்கே போனாலும் ஒரு வருட முதுமாணி 1500ஐச் சுற்றித்தான் நிற்கிறது. கொத்து, புசல், கிலோ என்று அளவை மாறுகிறது, நெல் அதே நெல்தான்.

ஆனால் ரீச்சருக்கு ஒரு எச்சரிக்கை. நாளைக்கு அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பிக்கிற யோசனை இருந்தால், அங்கே பல இடங்களில் நாலு வருட இளமாணியைத்தான் எதிர்பார்ப்பார்கள். 120 கிரடிட் அவர்களுக்கும் எங்களுடைய சிறப்புப்பட்டத்துக்கும் பொருந்தி வரும், 90ஐக் காட்டினால் கேள்வி கேட்பார்கள். அப்போது மேலே ஒரு முதுமாணி வைத்திருப்பது உதவும். பெறுபேறும் முக்கியம். அமெரிக்கப் பட்டப்பின் படிப்புகளில் 4க்கு 3.0 என்ற சராசரிக்குக் கீழே போனால் வெளியே அனுப்பிவிடக்கூடப் பார்ப்பார்கள், இளமாணியில் 2.0 எடுத்துத் தப்பின மாதிரி அங்கே தப்ப முடியாது. அங்கே கலாநிதிக்குக்கூடக் கனஇடங்களில் கிரடிட் எண்ணுவார்கள், பாடம் எடுத்து, தகுதிகாண் பரீட்சை எழுதி, அதற்குப் பிறகுதான் ஆய்வு. எங்களுடைய ஊரில் கலாநிதிக்கு வருடத்தை எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனிக்குளத்தான்

ஓம், வருடம்தான். முதுதத்துவமாணிக்கு முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருட ஆராய்ச்சி, கலாநிதிக்குக் குறைந்தது மூன்று வருடம். பகுதிநேரம் என்றால் அதற்கு ஈடான காலம், அது எவ்வளவு நீளும் என்பது அவரவர் தலையெழுத்தும் மேற்பார்வையாளரும்.

மேலே எல்லோரும் 30ஐப் பற்றியே கதைக்கிறீர்கள், 60 செய்தவன் ஒருவனும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். 60 என்றால் 30இன் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள். கட்டமைப்பில் ஆராய்ச்சிக்கு ஒரு கிரடிட் குறைந்தது 100 மணித்தியாலம், பாடத்துக்கு மாதிரி 50 இல்லை. 10ஆம் படி முதுமாணியில் ஆராய்ச்சிப் பங்கு குறைந்தது 15 கிரடிட் இருக்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். பாடம் 45 கிரடிட், 2250 மணித்தியாலம். ஆராய்ச்சி 15 கிரடிட், 1500 மணித்தியாலம். மொத்தம் 3750. 30 கிரடிட்டின் 1500ஓடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு! இதை எனக்கு யாரும் சேர முதல் சொல்லவில்லை. சேர்ந்து முதல் வருடம் முடிந்த பிறகு நானாகக் கையேட்டைப் பிரித்து வாசித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதுவும் கடதாசியில் உள்ள கணக்கு. வன்னியில் ஆராய்ச்சி செய்தால் வானத்தையும் கேட்க வேண்டும். என்னுடைய ஆய்வு குளத்துக்குக் கீழ் வயல் மண்ணைப் பற்றியது. மாரி மழையோடு வருகிற காலபோகத்தில் ஒரு முறை, குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்தில் ஒரு முறை மண் மாதிரி எடுக்க வேண்டும் என்று திட்டம் எழுதி, பீடமும் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த வருடம் குளத்தில் தண்ணீர் காணாது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகத்தைச் சுருக்கிவிட்டார்கள், நான் தெரிந்து வைத்திருந்த வயல்களில் பாதிக்கு மேல் விதைக்கவே இல்லை. வெறும் தரையில் நான் எதை அளக்கிறது? அடுத்த சிறுபோகம் வரை ஒரு வருடம் காத்திருந்தேன். கிரடிட் கணக்கில் அந்த வருடத்துக்கு ஒரு பூச்சியமும் இல்லை, ஆனால் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது. ரீச்சர் புவியியல் என்கிறீர்கள், களவேலை வரும். தலைப்பைத் தெரியும்போது மழையை நம்பாத தலைப்பாகத் தெரியுங்கள், அல்லது காலபோகத்தோடு மட்டும் நிற்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

திரும்ப ஒருமுறை செய்யச் சொன்னாலும் 60தான் செய்வேன். மண்ணைத் தோண்டித் தோண்டி எங்களுடைய குளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எந்த விரிவுரையிலும் கிடைத்திருக்காது.

நெடுங்கேணி நந்தி

எதுக்கு இவ்வளவு கணக்கு? பாடசாலையில் இருக்கிறவருக்கு முதுமாணி என்றால் முதுமாணிதான், 30ஐக் கெதியாக முடித்துக் கோவையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் புத்தி. இன்னும் சுகமாக வேண்டும் என்றால் ஒன்லைனில் ஆறு மாதத்தில் தருகிறார்கள், வகுப்பும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

பரந்தன் சந்தி

நந்தி, ஆறு மாதத்தில் 1500 மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 58. முழுநேர வேலையை விடக் கூட. அப்படி ஒருவரும் படிப்பதில்லை, அப்போது அவர்கள் எதை விற்கிறார்கள் என்று நீங்களே யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் இப்படி ஒரு இடத்தில் தவணை முறையில் காசு கட்டி, பட்டமளிப்பு விழாவில் குல்லாவும் போட்டுப் படம் எடுத்து, பிறகு பதவி உயர்வு நேர்முகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே பட்டியலில் இல்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் காசு கட்ட முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு எடுங்கள். விற்கிறவரைக் கேட்டால் "எல்லாம் அங்கீகாரம் இருக்கு தங்கச்சி" என்றுதான் சொல்லுவார்.

வவுனிக்குளத்தான்

கெதியாக முடிக்கலாம் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பாடசாலையோடு நிற்பதாக இருந்தால் நந்தி சொல்வது ஓரளவு சரி, 9ஆம் படியே போதும், மறுக்கவில்லை. ஆனால் ரீச்சர் என்றைக்காவது பல்கலைக்கழகப் பக்கம் போக நினைத்தால் கதை வேறு. அங்கே சிரேஷ்ட விரிவுரையாளராக உயர்வதற்கு இரண்டு கல்வியாண்டுக்குக் குறையாத, ஆராய்ச்சிப் பகுதி உள்ள பட்டப்பின் பட்டம் கேட்கிறார்கள். 30 கிரடிட் ஒரு வருட முதுமாணி அந்தக் கதவைத் திறக்காது. என்னோடு படித்த ஒருவர் 30ஐ முடித்துவிட்டுப் பிறகு இதற்காகவே இன்னொரு முதுமாணி தொடங்கினார். இரண்டுக்கும் சேர்த்துக் கழிந்த காலத்தில் முதலிலேயே 60ஐ முடித்திருப்பார்.

ரீச்சருக்குச் சிறப்புப்பட்டம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பொதுப்பட்டக்காரரை நேரே எடுப்பார்களா, அனுபவம் கேட்பார்களா, தகுதிகாண் பாடங்கள் செய்யச் சொல்வார்களா என்பது பாடநெறிக்குப் பாடநெறி மாறும். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை வாசித்துவிட்டுத்தான் கட்டணச் சிட்டை எழுத வேண்டும். அதே இடத்தில் கூடிய பதிவுக்காலம் எத்தனை வருடம் என்றும் இருக்கும், அதையும் பாருங்கள். குறைந்த காலத்தை எல்லோரும் பார்க்கிறோம், கூடிய காலத்தை ஒருவரும் பார்ப்பதில்லை, பிறகு அது முடிகிற மாதத்தில்தான் ஓடித்திரிகிறோம்.

முல்லை ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கரண்ட் போன நேரம் போன் வெளிச்சத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். 3750 என்ற இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய் ரீ போட்டுக்கொண்டு வந்தார். இருபது வருடத்தில் இது மூன்றாவது தடவை.

புவியியலா கல்வியா என்று பரந்தன் அண்ணா கேட்டீர்கள். மனம் புவியியலில். முத்தையன்கட்டுக்குக் கீழே குடியேறின சனத்தின் காணிப் பாவனையைப் பற்றி ஒன்று எழுத வேண்டும் என்று கனகாலமாக ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். வவுனிக்குளத்தார் சொன்ன பிறகு அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், நல்லகாலம், என்னுடையதுக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சனம் வீட்டில்தான் இருக்கும். ஆனால் டிப்ளோமா உதவுவது கல்வி முதுமாணிக்குத்தானே, அது 30, கெதியாக முடியும். இரண்டு பக்கமும் இழுக்கிறது. பிள்ளைகளில் மூத்தவள் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள், அதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி. புதுக்குடியிருப்பில் இருந்து யாழ்ப்பாணம் போவது சுகமா, வவுனியா போவது சுகமா? வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக மாறினது தெரியும், அங்கே எனக்குப் பொருந்துகிற பாடம் இருக்கிறதா என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

பரந்தன் சந்தி

தூரத்தைப் பார்த்துப் பாடத்தைத் தெரியாதீர்கள் ரீச்சர். வவுனியாவில் இருப்பவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என்ற பீடங்கள், கலைப்பீடம் யாழ்ப்பாணத்தில்தான். பல்கலைக்கழகமும் நகரத்துக்குள்ளே இல்லை, மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. நெடுங்கேணி, புளியங்குளம் சுற்றிப் போய் வவுனியாவில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணம் என்றால் பரந்தனில் ஒரு மாற்றம், பிறகு ஏ9இல் நேரே. சனிக்கிழமைகளில் இருக்கை கிடைக்காது, ஆனையிறவு வரை நிற்கத்தான் வேண்டும், அதற்குள் ஒரு கட்டுரையை வாசித்து முடிக்கலாம். நான் அப்படித்தான் பாதிக் கிரடிட் எடுத்தேன்.

விண்ணப்பம் கோரும்போது உயர்பட்டப் படிப்புகள் பீடத்தின் அறிவித்தலைப் பாருங்கள், முகநூலில் வருகிற படத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். போக முதல் உங்களுடைய பட்டத்தின் பெறுபேற்று அறிக்கையில் இரண்டு மூன்று பிரதி எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் அதை எடுக்கத்தான் எனக்கு ஒரு மாதம் போனது.

நெடுங்கேணி நந்தி

சரி சரி, ஆறு மாதக் கதையை வாபஸ் வாங்குகிறேன். நெடுங்கேணியால் போனால் சொல்லுங்கள், ரீச்சருக்கு ஒரு பிளேன்ரீ என்னுடைய கணக்கில்.

வவுனிக்குளத்தான்

அந்தக் கொப்பியை மேற்பார்வையாளர் ஆகக்கூடிய ஒருவரிடம் விண்ணப்பிக்க முதலே கொண்டுபோய்க் காட்டுங்கள். தலைப்பு அவருக்குப் பிடித்தால் 60, பிடிக்காவிட்டால் 30ஐப் பற்றி யோசிக்கலாம். மகளின் பரீட்சை முடியட்டும் என்று நிற்காதீர்கள், அதற்குப் பிறகு உயர்தரம் வரும்.